மழைக்காலத்தில் திடலில் விழும் மஞ்சள் வட்டங்கள்: மருந்து வாங்கும் முன் ஈரத்தைக் கவனியுங்கள்

நவம்பர் மழை பிடித்து இரண்டு மூன்று வாரம் ஆனதும் திடல்களில் ஒரு மாற்றம் தெரியத் தொடங்கும். பச்சையாக இருந்த புல்லில் ஆங்காங்கே மஞ்சள் வட்டங்கள் விழும். முதலில் கைக்குட்டை அளவில் இருப்பவை பத்து நாளில் பாய் அளவுக்கு வளர்ந்துவிடும். பள்ளித் திடலோ, தோட்டத்துப் பந்து விளையாட்டுத் திடலோ, கோயில் முன்புறப் புல்தரையோ, தாமான் வீட்டு வாசலோ, எங்கும் பெரும்பாலும் ஒரே கதைதான் நடக்கிறது. “புல்லுக்குச் சத்துப் போதவில்லை” என்று யாராவது ஒருவர் யூரியாவை வீசுவார். வட்டம் இன்னும் பெரிதாகும். பிறகு கடையில் கேட்டு ஒரு போத்தல் மருந்து வாங்கி அடிப்பார்கள். அன்று மாலை பெய்யும் மழை அதைக் கால்வாயில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

ஜனவரியில் பொங்கல் கிண்ணப் போட்டி வைத்திருக்கும் தோட்டத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை. முன்பெல்லாம் நிர்வாகமே ஆளையும் டிராக்டரையும் அனுப்பித் திடலைப் பார்த்துக்கொண்டது. தோட்டம் கைமாறி, துண்டு துண்டாகி, குடியிருப்பும் கோயிலும் திடலும் மட்டும் மிஞ்சிய இடங்களில் இன்று இளைஞர் மன்றமோ கோயில் நிர்வாகமோ கைப்பணத்தைப் போட்டுத்தான் புல் வெட்டுகிறது. வீணாகும் ஒவ்வொரு போத்தலும் அந்தப் பணத்திலிருந்துதான் போகிறது.

இந்த வட்டங்களுக்குக் காரணம் பெரும்பாலும் பூஞ்சை. புல்லில் வரும் பூஞ்சை நோயைப் பொறுத்தவரை மருந்து கடைசி வேலை. அதற்கு முன் செய்ய வேண்டிய நான்கைந்து வேலைகளில் பாதிக்குமேல் செலவே இல்லாதவை.

பனி நாட்டில் ஒரு விதம், மழை நாட்டில் ஒரு விதம்

கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் கோல்ஃப் திடல்களைப் பராமரிப்பவர்களுக்குக் குளிர்காலம் என்றாலே ஒரு பயம் உண்டு. புல்லின்மேல் பனி மாதக்கணக்கில் போர்வைபோல் கிடக்கும்போது, அதன் அடியில் உறைநிலையை ஒட்டிய குளிரிலும் வளரக்கூடிய பூஞ்சைகள் இலைகளைத் தின்னும். பனி உருகும்போது சாம்பல் நிறத்திலும் இளஞ்சிவப்பு நிறத்திலும் அழுகிய வட்டங்கள் வெளியே தெரியும். ‘பனிப்பூஞ்சை’ என்று இதைச் சொல்லலாம். அங்கே அவர்கள் பனி விழுவதற்கு முன்பே, இலையுதிர் கால முடிவில், தழைச்சத்து உரத்தை நிறுத்தி, புல்லை நீளமாக விடாமல் வெட்டி, தேவையான இடத்தில் மட்டும் மருந்தடித்து வைத்துவிடுவார்கள். நோய் வந்த பிறகு பனிக்கு அடியில் எதுவும் செய்ய முடியாது அல்லவா?

மலேசியாவில் பனியும் இல்லை, குளிர்காலமும் இல்லை. ஆனால் நவம்பர் முதல் மார்ச் வரை நீளும் வடகிழக்குப் பருவமழை உண்டு. கிளந்தான், திரங்கானு, பகாங், ஜொகூர் பகுதிகளில் அது கொட்டித் தீர்க்கும். மேற்குக் கரையில் அக்டோபர், நவம்பர் மாதங்களின் மாலை இடிமழையே போதும். பனிப்போர்வை அங்கே செய்யும் வேலையை இங்கே மேகமும் ஈரமும் செய்கின்றன. வெயில் குறைவதால் புல் மெதுவாக வளர்கிறது. இலை காய்வதற்கு நேரம் கிடைப்பதில்லை.

புல்லைத் தாக்கும் பெரும்பாலான பூஞ்சைகளுக்கு இலை தொடர்ந்து பத்து மணி நேரத்துக்குமேல் ஈரமாக இருந்தால் கொண்டாட்டம்தான். நம் ஊரில் இரவு ஏழு மணிக்கு இலைமேல் பனித்துளி விழத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். காலை ஒன்பது மணிக்கு வெயில் ஏறித்தான் அது காயும். மழையே பெய்யாத நாளிலும் பதினான்கு மணி நேரம் ஆகிவிடுகிறது. மாலை ஐந்து மணிக்கு வேலை முடிந்து வந்து ஹோஸ் பிடித்துத் தண்ணீர் விடுபவர், அதில் இன்னும் இரண்டு மணி நேரத்தைச் சேர்க்கிறார். மழை நாளில் கணக்கே வேண்டாம். பூஞ்சை வித்துகள் மண்ணிலும் காய்ந்த புல்லிலும் எப்போதும் இருப்பவை. அவற்றை ஒழிக்க யாராலும் முடியாது. குறைக்க முடிவது அந்த ஈர நேரத்தைத்தான்.

எல்லா மஞ்சளும் பூஞ்சை இல்லை

மருந்துக்கடைக்குப் போகும் முன் குனிந்து பார்ப்பது நல்லது. நாய் சிறுநீர் கழித்த இடம் நடுவில் கருகி, ஓரத்தில் கரும்பச்சையாக இருக்கும். புல் வெட்டும் இயந்திரத்தில் எண்ணெய் ஊற்றும்போது சிந்திய இடமும் வட்டமாகத்தான் கருகும். அதற்கு மருந்தடித்தவர்களும் உண்டு. இலையைத் தின்னும் புழுவாக இருந்தால் பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தை ஒரு வாளித் தண்ணீரில் கலந்து ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஊற்றினால் போதும், பத்து நிமிடத்தில் மேலே நெளிந்து வந்துவிடும்.

பூஞ்சையை அடையாளம் காண விடியற்காலைதான் சரியான நேரம். வெயில் ஏறுவதற்குள் போய்ப் பார்த்தால், நோயுள்ள இடத்தில் வெள்ளைச் சிலந்தி வலைபோல் மெல்லிய இழைகள் இலையோடு இலையாகப் பின்னிக் கிடக்கும். சிலந்தி வலை ஒரே தளமாக விரிந்திருக்கும். பூஞ்சை இழை பஞ்சுபோல் உப்பியிருக்கும். வட்டத்தின் ஓரத்தில் உள்ள ஓர் இலையை மெதுவாக இழுத்தால், அடியில் பழுப்பேறி எளிதாகக் கையோடு வந்துவிடும். இது ரைசாக்டோனியா என்ற பூஞ்சையால் வரும் பழுப்பு வட்ட நோய். இங்குள்ள திடல்களில் அடிக்கடி காணப்படுவது. சிறிய, நாணய அளவிலான வெளுத்த புள்ளிகள் நூற்றுக்கணக்கில் தெரிந்தால் அது வேறு நோய். மிகத் தாழ்வாக வெட்டப்படும் கோல்ஃப் புல்லில்தான் அது அதிகம்.

கவனமாகப் பார்க்க வேண்டிய இன்னொன்று உண்டு. வட்டமாக இல்லாமல் தண்ணீர் ஓடிய வழியிலேயே கோடாக நீண்டு, புல் எண்ணெய் தடவியதுபோல் கறுத்துக் குழைந்துபோனால் அது பித்தியம் நோய். ஒரே இரவில் பரவக்கூடியது. பார்வைக்குப் பூஞ்சைபோல் இருந்தாலும் அறிவியலின்படி பித்தியம் பூஞ்சை இனத்தைச் சேர்ந்தது அல்ல. பாசிகளுக்கு நெருங்கிய உறவு. பெயரில் என்ன இருக்கிறது என்று விட்டுவிட முடியாது. கடையில் மலிவாகக் கிடைக்கும் கார்பெண்டசிம் மருந்து ரைசாக்டோனியாவை அடக்கும். பித்தியத்தை அது ஒன்றுமே செய்யாது. பித்தியத்துக்கு மெட்டலாக்சில் போன்ற வேறு வகை மருந்து வேண்டும். நோய் எது என்று தெரியாமல் மருந்து வாங்குவதில் காசு போகும் வழி இதுதான்.

சில நேரம் புல் நுனியில் சாம்பல் கொட்டியதுபோல் பொடி அப்பியிருக்கும். பார்ப்பவர் பதறிப்போவார். அது சளிப்பூஞ்சை. புல்லைத் தின்பதில்லை, அதன்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். ஹோஸ் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினால் போய்விடும்.

குடைக் காளான்: எச்சரிக்கை

புல்தரையில் கரும்பச்சையாக ஒரு பெரிய வளையம் தோன்றி, மழைக்குப் பிறகு அந்த வளையத்தின்மேல் வரிசையாகக் காளான் முளைப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். மண்ணுக்குள் புதைந்து கிடக்கும் பழைய மரக்கட்டை, வேர் ஆகியவற்றைத் தின்னும் பூஞ்சை அது. ரப்பர் மரமோ செம்பனையோ நின்ற நிலத்தைத் திடலாக்கிய இடங்களில் இத்தகைய கட்டைகளுக்குப் பஞ்சமில்லை. பூஞ்சை மண்ணைத் தண்ணீர் ஒட்டாதபடி ஆக்கிவிடுவதால், அடுத்த வெயிலில் வளையத்தை ஒட்டிய புல் காயும். அந்த இடத்தை முள்கரண்டியால் ஆழமாகக் குத்தி, சிறிது சவர்க்காரம் கலந்த தண்ணீரை ஊறவிடுவது பலன் தரும். மருந்து இதில் அதிகம் எடுபடாது.

புல்லைவிடப் பெரிய ஆபத்து அந்தக் காளானில் இருக்கிறது. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு மழைக்குப் பிறகு புற்றுக் காளான் தேடிப் போவது புதிதல்ல. கரையான் புற்றில் முளைக்கும் அந்தக் காளானுக்குச் சந்தையில் நல்ல விலையும் உண்டு. அதே காலத்தில் திடல்களிலும் வீட்டுப் புல்தரைகளிலும் வெள்ளையாக, குடைபோல் விரியும் பெரிய காளான் ஒன்று முளைக்கிறது. மேலே பழுப்புச் செதில்கள் இருக்கும். சமைக்கத் தோன்றும் அளவுக்கு அழகாக இருக்கும். ஆனால் நச்சுக் காளான். உண்ட ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் கடுமையான வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். சமைத்தால் நஞ்சு போய்விடும் என்பதை நம்பக்கூடாது.

இதற்கு ஓர் அடையாளம் உண்டு. நன்கு விரிந்த குடையின் அடிப்பகுதி மடிப்புகள் பச்சை கலந்த சாம்பல் நிறத்துக்கு மாறும். குடையை வெள்ளைத் தாளில் கவிழ்த்து ஓர் இரவு வைத்தால் பச்சை நிறப் பொடி விழும். ஆனால் இளம் காளானில் மடிப்புகள் வெள்ளையாகவே இருப்பதால் இந்த அடையாளமும் கைகொடுக்காது. ஆகவே திடலில் முளைத்த காளானைச் சமைக்காமல் இருப்பதே சரி. பிள்ளைகள் விளையாடும் இடத்தில் அதைக் கையுறை போட்டுப் பிடுங்கிக் குப்பையில் போட்டுவிட வேண்டும். யாராவது உண்டுவிட்டால் வாந்தி வரும்வரை காத்திருக்காமல், மீதமுள்ள காளானையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய நச்சு மையம் இத்தகைய நேரங்களில் ஆலோசனை தருகிறது.

கயிறு, கத்தி, உரம்

ஈர நேரத்தைக் குறைக்க கோல்ஃப் திடல்களில் ஒரு பழைய வழக்கம் உண்டு. விடியற்காலையில் நீண்ட மூங்கில் கழியைப் புல்லின்மேல் வீசி வீசிப் பனித்துளியைத் தட்டிவிடுவார்கள். பந்துத் திடலில் அதையே இரண்டு பேர் ஒரு நீளக் கயிறைப் பிடித்துத் திடலின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இழுத்துச் சென்று செய்யலாம். பதினைந்து நிமிட வேலை. இலைமேல் நிற்கும் துளிகள் உதிர்ந்துவிட்டால் எஞ்சிய ஈரம் வெகு சீக்கிரம் காய்ந்துவிடும். ஒரே ஒரு நிபந்தனை: நோய் ஏற்கெனவே ஒரு மூலையில் இருந்தால் கயிறு அந்த மூலையைத் தொடக்கூடாது. தொட்டால் நோயையும் சேர்த்து இழுத்துப் போகும்.

தண்ணீர் விட வேண்டிய நாள் என்றால் அதிகாலையில் விட வேண்டும். மழைக்காலத்தில் பெரும்பாலும் தேவையே படாது.

புல் வெட்டுவதில்தான் பெரும்பாலான திடல்கள் கெட்டுப்போகின்றன. போட்டிக்கு முதல் நாள், ஒரு மாதமாக வளர்ந்து கிடந்த புல்லை, அதுவும் ஈரத்தில், மண் தெரியும்வரை வெட்டித் தள்ளுவது நம் ஊரில் சாதாரணம். ஒரு நேரத்தில் இலையின் மூன்றில் ஒரு பங்குக்குமேல் வெட்டக்கூடாது என்பது புல் பராமரிப்பில் அடிப்படைப் பாடம். பெரும்பாலான பள்ளி, தோட்டத் திடல்களில் இருப்பது கவ் கிராஸ் என்று நர்சரிகளில் விற்கப்படும் அகல இலைப் புல். மலாய்க்காரர்கள் இதை ‘ரும்புட் பாரிட்’, அதாவது வாய்க்கால் புல் என்கிறார்கள். ஈரத்தைத் தாங்கும் என்பதை அந்தப் பெயரே சொல்கிறது. இதற்கு மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் உயரம் வேண்டும். மழுங்கிய கத்தி இலையை வெட்டாது, கிழிக்கும். கிழிந்த நுனி ஒவ்வொன்றும் பூஞ்சை நுழையும் வாசல். நோயுள்ள இடத்தைக் கடைசியாக வெட்டிவிட்டு, இயந்திரத்தின் அடிப்பக்கத்தையும் கத்தியையும் கழுவ வேண்டும். வாடகைக்கு இயந்திரம் எடுப்பவர்கள் வெட்டத் தொடங்கும் முன்பும் ஒரு முறை கழுவுவது நல்லது. முந்தைய தாமானின் நோய் அதில் ஒட்டிக்கொண்டு வரலாம்.

உரத்துக்கு வருவோம். யூரியாவில் 46 விழுக்காடு தழைச்சத்து. மழைக்காலத்தில் அதை வீசினால் புல் தண்ணீரும் சதையுமாகத் தளதளவென்று வளரும். பழுப்பு வட்டமும் பித்தியமும் இளசான இலையைத்தான் விரும்பும். சாதாரண நாளில் நூறு சதுர மீட்டருக்கு ஒரு கிலோ யூரியா என்றால், அக்டோபருக்குப் பிறகு அதில் பாதிகூட வேண்டாம். நோய் தென்பட்டுவிட்டால் அறவே நிறுத்த வேண்டும். சாம்பல்சத்து அதிகமுள்ள 12-12-17 உரத்தைப் பருவமழைக்கு முன்பே ஒரு முறை போட்டு வைப்பது புல்லுக்குப் பலம் தரும். செம்பனைக்கு எம்.ஓ.பி. உரம் போட்டுப் பழகியவர்களுக்குச் சாம்பல்சத்தின் அருமையைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது வடிகால். கோல்முனையில் தண்ணீர் தேங்குகிறது என்றால் அங்கே மண் மிதிபட்டு இறுகிவிட்டது என்று பொருள். தோட்ட முள்கரண்டியால் ஒரு சாண் இடைவெளியில் எட்டு பத்து சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குத்தி, துளைகளில் ஆற்று மணலைக் கூட்டித் தள்ளினால் காற்றும் நீரும் இறங்கும். திடலைச் சுற்றியுள்ள கால்வாயில் அடைப்பு இருந்தால் அதை முதலில் எடுக்க வேண்டும். பொதுப்பணி நாள் ஒன்றில் இருபது பேர் சேர்ந்தால் முடிந்துவிடும் வேலை இது.

பெரிய அரங்கங்களுக்கும் இந்தத் தலைவலி உண்டு. சிங்கப்பூர் தேசிய அரங்கம் 2014-இல் திறக்கப்பட்ட சில மாதங்களிலேயே அதன் புல்தரை மோசமாக இருப்பதாகக் குறைகூறப்பட்டது. கூரை நிழலில் புல் தழைக்கச் செயற்கை விளக்குகளைப் பயன்படுத்த வேண்டியிருந்தது. 2015-இல் திடலே மாற்றப்பட்டது. புக்கிட் ஜாலில் தேசிய அரங்கில் 2023-இல் பழைய கவ் கிராஸை எடுத்துவிட்டுச் சோய்சியா வகைப் புல் போட்டார்கள். சோய்சியா பந்து விளையாட்டுக்கு உறுதியான புல். ஆனால் ரைசாக்டோனியாவின் இன்னொரு வகை அதற்குப் பழைய பகை. நோயே வராத புல் என்று ஒன்று இல்லை. பிள்ளையாருக்கு வைக்கும் அறுகம்புல்லின் இனத்திலிருந்து உருவாக்கப்பட்ட கலப்புப் புல்தான் உலகின் பல கோல்ஃப் திடல்களில் இருக்கிறது. தரையோடு தரையாக வெட்டி வைத்திருப்பதால் அதற்கும் நோய் வருகிறது. சாலையோரத்தில் யாரும் வெட்டாத அறுகு நிம்மதியாக வாழ்கிறது.

மருந்து அடித்தே ஆகவேண்டும் என்றால்

மேற்சொன்னவற்றைச் செய்தும் வட்டங்கள் பெருகினால், அல்லது போட்டிக்கு மூன்று வாரமே இருந்தால், மருந்து தேவைப்படலாம். அதற்கு முன் மாதிரி எடுத்துக்கொண்டு அருகிலுள்ள விவசாய இலாகா அலுவலகத்தில் காட்டுவது நல்லது. செத்த நடுப்பகுதியில் எடுத்தால் பயன் இல்லை. நோயும் பச்சையும் சந்திக்கும் ஓரத்தில், வேரும் மண்ணுமாக வெட்டி, செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுபோக வேண்டும். பிளாஸ்டிக் பையில் போட்டால் வழியிலேயே அழுகிவிடும்.

மான்கோசெப் போன்ற மருந்துகள் இலையின் மேற்பரப்பில் மட்டும் நின்று புதிய தொற்றைத் தடுப்பவை. மழை பெய்தால் கழுவிப் போய்விடும். ஐரோப்பிய ஒன்றியம் 2020-இல் அதன் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்துவிட்டது என்பதும் குறிப்பிடத்தக்கது. அசாக்ஸிஸ்ட்ரோபின் போன்றவை இலைக்குள் இறங்கி வேலை செய்யும்; விலை அதிகம். ஒரே மருந்தைத் தொடர்ந்து அடித்தால் பூஞ்சை அதற்குப் பழகிக்கொள்ளும். எனவே இரண்டாவது முறை வேறு வகையைச் சேர்ந்த மருந்து வேண்டும். திடல் முழுவதும் அடிக்க வேண்டியதில்லை. வட்டமும் அதைச் சுற்றி ஒரு மீட்டரும் போதும்.

போத்தலில் பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, எல்.ஆர்.எம்.பி. என்று தொடங்கும் பதிவு எண். 1974-ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்படி அந்த எண் இல்லாத மருந்தை விற்கக்கூடாது. வேறு போத்தலில் ஊற்றித் தரப்படும் ‘நல்ல மருந்து’ எதையும் வாங்க வேண்டாம். மற்றொன்று, நிறப் பட்டை. கறுப்பும் சிவப்பும் கடும் நஞ்சு. மஞ்சள், நீலம், வெள்ளை என்று வரிசையாகக் குறையும். வெள்ளைப் பட்டை என்பதால் கையால் கலக்கலாம் என்று அர்த்தம் இல்லை.

மருந்தடிப்பது யார் என்ற கேள்வியை நம் சமூகம் மற்றவர்களைவிட நன்றாக அறியும். தோட்டங்களில் தலைமுறையாக மருந்துத் தோம்பைத் தோளில் சுமந்தவர்களில் பெரும்பாலோர் நம் பெண்கள். அவர்கள் அனுபவித்த பாதிப்புகளைத் தெனாகானித்தா அமைப்பு 2002-இல் வெளியிட்ட ஆய்வு பதிவு செய்தது. அவர்கள் அடித்துவந்த களைக்கொல்லியான பாராகுவாட் 2020 ஜனவரி முதல் தேதியில்தான் இந்நாட்டில் தடை செய்யப்பட்டது. இன்று திடலுக்கு மருந்தடிக்க முன்வருவது பெரும்பாலும் வேலை ஓய்வு பெற்ற ஒரு பெரியவர், “எனக்குப் பழக்கம்தான்” என்று அரைக்கால் சட்டையோடு நிற்பார். அவருக்கு முழுக்கைச் சட்டை, ரப்பர் கையுறை, பூட்ஸ், முகக்கவசம், கண்ணாடி ஆகியவற்றை வாங்கித் தருவது மருந்துச் செலவில் ஒரு பகுதியாகவே கணக்கிடப்பட வேண்டும்.

காற்றில்லாத காலையில், இலை காய்ந்த பிறகு, அன்று மழை வராது என்று தெரிந்தால் மட்டும் அடிக்க வேண்டும். தோம்பைக் கால்வாயில் கழுவக்கூடாது. காலிப் போத்தலை மூன்று முறை அலசி, அந்தத் தண்ணீரையும் தோம்பிலேயே ஊற்றி அடித்துவிட்டு, போத்தலைத் துளையிட்டுப் போட வேண்டும். லேபிளில் குறிப்பிட்ட நேரம் முடியும்வரை பிள்ளைகளைத் திடலுக்குள் விடக்கூடாது. அதற்கு ஒரு கயிறும் தமிழிலும் மலாயிலும் எழுதிய ஓர் அட்டையும் போதும்.

நோய் நின்ற பிறகு காய்ந்த புல்லைச் சீவி எடுத்துவிட்டால், கவ் கிராஸ் தன் ஓடுதண்டுகளை நீட்டிச் சில வாரங்களில் வட்டத்தை மூடிக்கொள்ளும். புதிய புல்லை வாங்கிப் பதிக்க அவசரப்பட வேண்டியதில்லை. வடிகால் சரியாகாத இடத்தில் பதித்த புல் அடுத்த மழைக்கே மஞ்சளாகும். ஜனவரி நடுவில் போட்டி என்றால் டிசம்பர் முதல் வாரத்திலேயே நோய் நின்றிருக்க வேண்டும். கால்வாய் அடைப்பை எடுக்கும் பொதுப்பணியை அக்டோபரிலேயே, தீபாவளி விடுமுறைக்கு ஊர் வரும் இளைஞர்களை வைத்தே முடித்துவிடலாம்.